சுவர் ஓட்டையில் எரிந்த பல்பு

ஈசல் கருகும் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு மழைக்காலம் ஞாபகம் வரும். எனக்குச் சரசுவின் முகம்தான் ஞாபகம் வருகிறது, அதுவும் முழு முகமில்லை, பல்புக்கு அந்தப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்த நெற்றியும் ஒரு கண்ணும் பாதி மூக்கும்.

சரசு என் பெரியப்பா மகள், என்னைவிட ஆறே மாதம் மூத்தவள். ராசிபுரத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் தறி போட்டிருந்தார்கள். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்குக் "கரண்டு" வந்தபோது, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு "குண்டு பல்பு"தான். அதை நடுச்சுவரில் இருந்த ஓட்டையில் தொங்கவிட்டதால் இரண்டு தறிக்கும் வெளிச்சம் விழுந்தது. சுவிட்சு மட்டும் எங்கள் பக்கம். பொழுது சாய்ந்ததும் "ஏய், லைட்டைப் போடுடி!" என்று சரசு ஓட்டை வழியாகக் கத்துவாள், நான் வேண்டுமென்றே பத்து எண்ணிவிட்டுப் போடுவேன். அப்படி ஒரு திமிர் எனக்கு.

வெளிச்சம் வந்ததும் ஆளுக்கொரு முக்காலி போட்டு ஏறி நின்று பேச்சுதான். பல்பைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காக்காரர் என்று என் பாடப் புத்தகத்தில் இருந்தது. சரசு படித்ததோ கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். அவளுடைய டீச்சர், அதற்கு முன்னாலேயே இங்கிலாந்துக்காரர் ஒருவர் எரிய வைத்துக் காட்டிவிட்டார் என்று சொன்னாராம். "உன் புஸ்தகம் பொய்யி" என்பாள் அவள். "உங்க டீச்சருக்கு என்ன தெரியும்" என்பேன் நான். கடைசியில் பந்தயம் கட்டினோம்: தோற்றவள் ஓட்டையில் வாயை வைத்து மூன்று தரம் "தோத்தேன்" என்று கத்த வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சரசுவின் அக்காளைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, ரெண்டு ஊட்டுக்கும் ஒரே பல்புங்களா! ஆரு ரோசனைங்க இது?" என்று வியந்துபோய்க் கேட்டார்.

"என்னுதுங்க" என்றார் அப்பா. அதே மூச்சில் "என்னுதுங்க" என்றார் பெரியப்பா.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. வந்தவர்கள் போனதும், இடத்தைக் காட்டியது நான் என்று ஒருவர், லைன்மேனைக் கெஞ்சி ஒயர் இழுக்க வைத்தது நான் என்று மற்றவர், தறியில் உட்கார்ந்தபடியே சுவருக்குச் சுவர் ஏசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் நான் வழக்கம்போல் பத்து எண்ணிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் குரல் இடிபோல் வந்தது: "உன்ற சுவிட்சுக்கு எம்பொண்ணு தெனமும் கத்திக்கிட்டு நிக்கோணுமா?" மறுநாள் காலையில் அவரே மண்ணைக் குழைத்துச் செங்கல் வைத்து ஓட்டையை அடைத்தார். கடைசிச் செங்கல்லுக்கு முன்னால், "'தோத்தேன்'னு சொல்லாம தப்பிச்சுக்கலாம்னு பாக்காதடி!" என்று சரசு கத்தியது கேட்டது. அப்புறம் அந்தப் பக்கம் தனி பல்பு வந்தது. என் பத்து எண்ணிக்கைதான் காரணமோ என்று அன்று அழுதேன். இப்போதும் அந்த எண்ணம் போகவில்லை.

அடுப்படியில் அம்மா முணுமுணுத்தாள். "சிம்னி வெளக்கை அந்த ஓட்டையில மொதல்ல வெச்சது நானும் எங்கக்காளுந்தான். கரண்டு வாரதுக்கு முன்னால ரெண்டு சோத்துப்பானைக்கும் அந்த வெளிச்சந்தான்." அக்காள் என்றது பெரியம்மாவை. அதை அப்பாவிடம் சொன்னால் என்ன என்றேன். "சொன்னா ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டு எங்க மேல பாய்வாங்க, சாமி." பாய்ந்திருக்கட்டுமே என்று இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. அப்படியாவது சேர்ந்திருப்பார்கள் அல்லவா!

அடுத்த வருஷமே பெரியப்பா குடும்பத்தோடு குமாரபாளையம் போய்விட்டார். அதற்கப்புறம் சரசுவைக் கல்யாணத்திலும் கருமாதியிலும் பார்த்ததோடு சரி. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. குண்டு பல்பைக் கேட்டால் கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். நடுச்சுவர் எங்கே இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

போன தை மாதம் சேலத்தில் ஒரு கல்யாணத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. எங்கேயோ படித்து வைத்திருந்ததை ஆசையாகச் சொன்னேன்: அந்த அமெரிக்காக்காரரும் இங்கிலாந்துக்காரரும் யார் முதல் என்ற வம்பை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் சேர்ந்து ஒரே கம்பெனி நடத்தினார்களாம். "ரெண்டு பேருமே ஜெயிச்சிட்டாங்கடி, சரசு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப தோத்தது ஆருடி?" என்று கேட்டாள்.

மூன்று தரம் "தோத்தேன்" என்று சொல்ல வேண்டியது. எனக்கு ஒரு தரம்கூட வாய் வரவில்லை.