கட்டைவிரல் பொத்தானும் ஒரு கல்யாணமும்

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஸ்டுடியோ. நானும் என் வீட்டுக்காரரும் நடத்தினோம். பிலிம் காலம் முடிந்து டிஜிட்டலுக்கு மாறியபோது ஒரு கேமராதான் வாங்க முடிந்தது. கல்யாணமெல்லாம் அவருக்கு. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, மாமல்லபுரம் கடற்கரையில் புது ஜோடிகளை நிற்கவைத்து எடுக்கிற அவுட்டோர் எல்லாம் எனக்கு.

அந்தக் கடற்கரையில் எனக்கு ஓயாத தொல்லை. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகும், முழுக்க அழுத்தினால் படம் விழும். நான் ஜோடியை ஃபோகஸ் செய்து, அவர்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்து மறுபடி அழுத்துகிற நேரம் பார்த்து ஒரு சுண்டல்காரர் குறுக்கே போவார். கேமரா ஜோடியை விட்டுவிட்டு அவருடைய தூக்குவாளியை ஃபோகஸ் செய்துகொள்ளும். எத்தனை தூக்குவாளி எடுத்திருப்பேன் தெரியுமா.

கேமராவோடு வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஃபோகஸ் வேலையை ஷட்டரிடமிருந்து பிடுங்கி, கேமராவின் முதுகில் இருக்கிற ஒரு பொத்தானுக்குக் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. கட்டைவிரலால் அதை ஒருமுறை அழுத்திவிட்டால் போதும், எவர் குறுக்கே போனாலும் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். ஷட்டர் படம் எடுப்பதோடு சரி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அவரிடம் காட்டினேன்.

"கட்ட வெரல்ல போட்டோ புடிக்கிற மொத ஆளு நீதான்டி" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு பட்டன்ல ஆவுற வேலைக்கு ரெண்டு பட்டனா? இன்னா வேல இல்லாத வேல" என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், குழம்பு ஊற்றுவேன், வாயைத் திறக்க மாட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கேமராவில் எதை மாற்றினாலும், வேலை முடிந்ததும் பழையபடி வைக்கவேண்டும், இல்லையென்றால் மற்றவரிடம் சொல்லவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் வேலையை முடிக்கும்போது கடலில் தூரத்தில் போன ஒரு படகைக் கட்டைவிரல் பொத்தானால் ஃபோகஸ் செய்து எடுத்தேன். பொத்தானைப் பழையபடி மாற்றாமல் அப்படியே பையில் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அவருக்குக் கடப்பாக்கம் பக்கத்தில் கல்யாணம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுப்படியில் நின்ற எனக்கு அப்போதுதான் பொத்தானை மாற்றாதது நினைவு வந்தது. வாய்வரை வந்தது. நானாகப் போய்ப் பேசுவதா, அவர் முதலில் பேசட்டும் என்று வீம்பு. முதல் படத்திலேயே தெரிந்துகொள்வார் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிவிட்டது.

மத்தியானம் வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. சண்டையை அவரே மறந்துவிட்டார். "படம்லாம் ஜோரா வந்துகீது, கம்ப்யூட்டர்ல போடு" என்றார். அவருக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி போடமாட்டார். அந்தக் கேமராவின் திரையும் தீப்பெட்டி அளவுதான். ஃபோகஸ் ஆனால் 'கிக்' என்று ஒரு சத்தம் வரும். கெட்டிமேளத்தில் அது வரவில்லை என்று யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் படத்தைத் திறந்தேன், மங்கல். அடுத்ததும் மங்கல். நலங்கு, மாலை மாற்றுவது, தாரை வார்ப்பது எல்லாமே மங்கல். தள்ளி நிறுத்தி எடுத்த குரூப் படங்கள் ஏதோ தப்பித்திருந்தன. தாலி கட்டுகிற படத்தைத் திறந்தேன். மஞ்சளாக ஒரு உருவம், வெள்ளையாக ஒரு உருவம், மூக்கும் முழியும் இல்லை. கேமரா காலையிலிருந்து மத்தியானம் வரை என் படகின் தூரத்திலேயே நின்றிருக்கிறது.

"லென்ஸ் பூட்ச்சா?" என்று கேட்டார். அவர் குரலே மாறிவிட்டது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி" என்றார். அன்று அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஊரார் வீட்டுக் கல்யாணத்தை என் வீம்புக்குப் பலி கொடுத்துவிட்டேன். தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா?

பத்து நாள் கழித்து அந்தக் கல்யாணப் பெண் தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. அம்மாவின் நெற்றியில் பொட்டில்லை. புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் தயாராயில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லி, தாலி கட்டுகிற படத்தைத் திரையில் போட்டேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் மூஞ்சியே இல்லியேக்கா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து, வலது ஓரத்தைத் தொட்டு, "இத பெருசாக்குங்க" என்றாள்.

கல்யாணம் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மணவறைக்குப் பின்னால், தள்ளி, வீட்டு ஜன்னல். மங்கிய முகங்களைப் பார்த்துப் பார்த்தே மனம் வெந்துகொண்டிருந்த எங்கள் கண்ணில் அந்த ஜன்னல் படவேயில்லை. பெரிதாக்கினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றார். இன்னொரு கை கம்பிக்கு வெளியே நீண்டிருந்தது. விரலிடுக்கில் அட்சதை அரிசி மணிமணியாகத் தெரிந்தது. கன்னத்து ஈரம் தெரிந்தது. ஃபோகஸ் தூரத்திலேயே நின்றதால், அந்தப் படத்தில் முகம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

"அடுப்பாண்ட இருந்தேன், பாக்கவே இல்லன்னு சொன்னியேம்மா" என்றாள் மகள். தாலியில்லாதவள் தாலி கட்டுகிற நேரத்தில் எதிரே வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். மகள் சண்டை போட்டிருக்கிறாள். அம்மாதான் அவளை அடக்கி, பெரியப்பாவையும் பெரியம்மாவையும் வைத்துத் தாரை வார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

"எனக்கு இந்தப் படம்தான் வேணும். பெருசா போட்டுக் குடுங்கக்கா, வூட்ல மாட்டணும்" என்றாள்.

அந்த அம்மா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. "வேணாம் கண்ணு, அழிச்சிடு. மாப்ள வூட்ல பாத்தா, நாளைக்கு இவளுக்குத் தலைவலி வந்தாக்கூட என் கண்ணுதான் காரணம்பாங்க" என்றார். பிறகு, மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரையும் மங்கலா எடுத்தியேப்பா. என்னியும் அப்டியே எடுத்திருக்கக் கூடாதா?"

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கவேண்டாம் என்று என் வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்தினார்.