தோலுக்கு ஆபரேஷன்

இருபத்து நாலு வயது வரை நான் குண்டு. பூசினாற்போல என்பார்களே, அந்த மரியாதையெல்லாம் எனக்குப் பொருந்தாது. சுதந்திரம் வந்த புதிதில் மைசூரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றது. அப்போது என் அம்மாவிடம், "உங்க வீட்டுக்கு மட்டும் தனி ரேஷனா?" என்று மாதா கோயில் வாசலில் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா வீட்டுக்கு வந்து என் தட்டை முறைப்பாள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு நான் டீச்சர்.

பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், நான் உட்காரப் போன நாற்காலியை ஒருவருக்கொருவர் கண்ணால் காட்டிச் சிரித்தார்கள். அன்றே அம்மா என்னை இளைக்க வைப்பது என்று முடிவு கட்டிவிட்டாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி கொள்ளு ரசம். சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒரு கரண்டி. கிறிஸ்தவர்களுக்கெல்லாம் ஈஸ்டருக்கு முன் நாற்பது நாளில் முடிகிற தவக்காலம் எனக்கு மட்டும் வருஷம் முழுக்க நடந்தது. விடிகாலையில் சாமுண்டி மலைப் படியேறினேன். நான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன் என்று எங்கள் பங்குக் கோயிலில் பேச்சு கிளம்ப, பங்குச் சாமியார் கூப்பிட்டு விசாரித்தார். உடம்பு இளைக்கத்தான் ஏறுகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, ஏறு" என்றார்.

இளைத்தேன். இரண்டு வருஷத்தில் பாதியாகிவிட்டேன். ஆனால் உடம்பு வற்றினால் தோலும் கூடவே வற்றிவிடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மார்புக்குக் கீழிருந்து தொப்புள் வரைக்கும் ஈரத் துண்டை மடித்துப் போட்டதுபோலத் தோல் தொங்கியது. மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகும். புண் ஆறினால் அரிக்கும், சொறிந்தால் மறுபடி புண். பழைய வேட்டியைக் கிழித்து மடிப்புக்குள் சொருகிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் அந்தத் துணி நழுவும். நாற்றம் எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சேலையோடு ரவிக்கையும் தைத்துக்கொண்டு வருவார்கள். நாத்தனாராக வரப்போகிறவள்தான் பெண்ணை உள் அறைக்கு அழைத்துப்போய், பழையதைக் களைந்து புதியதை உடுத்திவிட வேண்டும். பாசத்துக்குச் செய்வது என்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் பாசத்தில்தானோ என்னவோ.

முதலில் நிச்சயமான வீடு பெங்களூர்ப் பக்கம். அந்த நாத்தனார் என் ரவிக்கையைக் கழற்றியதும் அவள் கை நின்றுவிட்டது. ஒரு விரலால் மடிப்பைத் தூக்கிப் பார்த்தாள். கொசுவம் வைத்தாள், வெளியே போனாள், தன் தாயின் காதில் ஏதோ சொன்னாள். மோதிரம் போடவில்லை. திடீரென்று யாருக்கோ நெஞ்சுவலி என்று கிளம்பிவிட்டார்கள். பிறகு கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் மூலமாகச் சேதி வந்தது. பெண் ஏற்கெனவே பிள்ளை பெற்றவளாம். வயிறே சொல்கிறதாம். நான் அன்றைக்கு அழவில்லை, கையில் கிடைத்த சொம்பைச் சுவரில் எறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த சர்ஜன் கன்னடக்காரர். யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தோல் தைத்தவர் என்று சொன்னார்கள். என்னிடம் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசினார்.

"நோயில்லாத உடம்புல நான் கத்தி வெக்கறதில்லம்மா. இது ஸ்வல்ப தோல் மிச்சம், அஷ்டே, அவ்வளவுதான். போய் நல்லா ஊட்டா பண்ணு, வயிறாரச் சாப்பிடு."

நான் மடிப்பைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே புண் பச்சையாக இருந்தது. மூக்கைச் சுருக்காமல் குனிந்து பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

"சரி. புண்ணுக்காகப் பண்றேன், அழகுக்கு இல்ல. மார்புக்குக் கீழ இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் கோடு நிக்கும். சாகற வரைக்கும் போகாது. பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். மடிப்புக்குக் கோடு தேவலாம் என்று நினைத்தேன்.

ஈதர் வாடையோடு மயங்கி, வயிற்றைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்துத் தைத்துவிட்டார்கள் என்ற உணர்வோடு விழித்தேன். உண்மையும் அதுதான். நிமிர்ந்து படுக்க முடியாது, கையைத் தூக்க முடியாது. இருமல் வந்தால் உயிர் போய் உயிர் வரும். ரப்பர்க் குழாய் வழியாக ரத்தநீர் வடிந்தது. ஒரு ஓரத்தில் தையல் விட்டுச் சீழ் பிடித்து, வாரக்கணக்கில் கட்டுப்போட வேண்டியிருந்தது. அம்மா ஜெபமாலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்தவர்களிடம், "வயித்துல கொஞ்சம் தொந்தரவு" என்று மட்டும் சொன்னாள். கட்டை அவிழ்த்த அன்று குனிந்து பார்த்தேன். சிவப்பாக ஒரு கோடு, அதன் கீழே வெறும் வயிறு. அப்போதுதான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அடுத்த வருஷம் இன்னொரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கவயலில் வேலை. அவர் அக்கா கல்யாணமாகி மைசூருக்குப் புதிதாக வந்திருந்தாள். எங்களுடையது வேறு பங்கு என்பதால் என் பழைய உடம்பை அவள் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று, அவர் மைசூர்பாகுத் தட்டை என் பக்கம் தள்ளி, "நீங்களும் எடுத்துக்குங்க" என்றார். சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் எத்தனையோ வருஷமாக யாரும் எனக்கு ஓர் இனிப்பை நீட்டியதில்லை. எடுத்துத் தின்றேன், அம்மா முறைத்தும் தின்றேன். இந்த மனிதரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடலாம்மா" என்றேன்.

"நீ வாயைத் தொறக்காதே. நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

நிச்சயதார்த்தத்தன்று அந்த அக்கா கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையைக் கழற்றினாள். நல்ல மாதிரி. கோட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் பரிதாபம்தான் வந்தது.

"ஐயோ, இதென்னம்மா, ஆபரேஷனா?"

நான் வாயெடுப்பதற்குள், எங்களோடு உள்ளே வந்திருந்த அம்மா முந்திக்கொண்டாள். "வயித்துல ஒரு கட்டி இருந்துச்சு. எடுத்தாச்சு. இப்ப ஒண்ணுமில்லே."

"கட்டி இல்லக்கா, தோலைத்தான் எடுத்தாங்க" என்றேன்.

"தோலுக்கு யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா?" என்று அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"பயந்து போயி ஏதோ உளறுது. இதுக்கு என்ன தெரியும்? மயக்கத்துல கெடந்துச்சு" என்று அம்மா சிரித்தபடி என் முழங்கையைக் கிள்ளினாள். வெளியே சாமியார் காத்திருந்தார். அக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஊக்கு மாட்டினாள். மோதிரம் போட்டார்கள். சாப்பிட்டார்கள். பதினைந்து நாள் கழித்து மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு உபதேசியாரை அனுப்பினார்கள். கட்டி மறுபடி வருமாம், பிள்ளை தங்காதாம், அவர்களுக்கு அவர் ஒரே மகனாம்.

தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வரிசையில் ஒரு நாள் அந்த அக்காவைப் பார்த்தேன். விடவில்லை. மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நிறுத்தி, குண்டாக இருந்தது, இளைத்தது, தோல் தொங்கியது, புண் வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமானால் சர்ஜனிடமே வந்து கேளுங்கள் என்றேன்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதை அன்னிக்கே உங்கம்மா சொல்லியிருந்தா என்னம்மா? குண்டா இருந்தது ஒரு குத்தமா? எங்க வீட்ல யாரு ஒல்லி?"

"இப்ப நீங்க சொல்லுங்களேன் வீட்ல."

"இப்ப எப்படிம்மா? வேற எடம் முடிவாயிடுச்சே. கோயில்ல ரெண்டு தரம் கல்யாண ஓலை வாசிச்சாச்சு."

வீட்டுக்கு வந்தேன். அம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். ஏன் பொய் சொன்னாய், என் வாழ்க்கையைக் கெடுத்தாயே, குண்டு என்ற ஒரு சொல்லைச் சொல்ல உன் வாய்க்கு என்ன கேடு என்று கத்தினேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"கட்டின்னா ஆண்டவர் குடுத்ததுன்னு சொல்லுவாங்க" என்றாள். "குண்டுன்னா, பெத்தவ வளத்த லட்சணம்னுதானே சொல்லுவாங்க."

அவளை வெறுத்தேன். இன்றும் அந்த வெறுப்பு முழுதாகப் போனதாகச் சொல்ல மாட்டேன்.

அதற்குள் அம்மா பங்கு முழுக்கவும் கட்டிக் கதையையே பரப்பியிருந்தாள். நான் அத்தனை காலம் பெருத்திருந்ததும் கட்டியால்தானாம், சோற்றால் இல்லையாம். அடுத்த ஞாயிறு காலைப் பூசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பிரசங்கத்துக்கு முன்பு சாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். இறந்தவர்களுக்கு ஒன்று, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. அப்புறம் என் பெயரைச் சொல்லி, "வயிற்றிலிருந்த பெரிய கட்டி நீங்கிச் சுகமானதற்கு, தாயார் செலுத்தும் நன்றிப் பூசை" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.