துண்டு துண்டாய் வந்த ஏச்சு

நெஞ்சுவலி என்று ஆசுபத்திரிக்குப் போவது எனக்குப் பழகிய வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிக்காமல் மிஞ்சிய நேரமெல்லாம் பயப்படுவதில் போனது. என்னைக் கண்டாலே அங்கே தாதிமார் சிரிப்பார்கள்.

அது பாலைப்பழக் காலம். புளியங்குளத்துக்குப் பின்னாலுள்ள காட்டில், மனைவியின் தமையன் பாலை மரத்தில் ஏறி, கொப்பு முறிந்து விழுந்தார். வலது விலா ஒரு கட்டையில் அடிபட்டது. எழும்பி, சிந்திய பழத்தைப் பொறுக்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தார். சும்மா பிடிப்புத்தான் என்று மனைவி நோவெண்ணெய் பூசிவிட்டாள்.

எனக்கு மனம் ஆறவில்லை. மச்சான் என்னை ஏசத் தொடங்கினால் என் பரம்பரையையே ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார். ஆசுபத்திரிக்குப் போவோம் என்று கேட்டேன்.

"நீ ஒரு... பயந்தாங்கொள்ளி... மச்சான்."

மூன்று துண்டு. இவ்வளவு சின்ன ஏச்சுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கினார்.

கெஞ்சினால் வரமாட்டார். ஆகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தேன். நடிப்பென்று மனைவிக்கு உடனே விளங்கியது. ஆனாலும் கெட்டிக்காரி. "அண்ணை, இவரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். சாகக் கிடக்கிற தங்கை புருசனுக்குத் துணைபோக மாட்டேன் என்று எந்தத் தமையன் சொல்வான்? ஓட்டோவில் ஏறினார்.

அவசரப் பிரிவில் டொக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, போன கிழமை போலவே நன்றாக இருக்கிறது என்றார். மச்சான் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"டொக்டர், வந்ததுக்கு இவருக்கும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ. மரத்தால விழுந்தவர்."

இடப்பக்கம் கேட்டார். வலப்பக்கம் கேட்டார். திரும்பவும் வலப்பக்கம். பிறகு விரலால் தட்டினார்; வெறும் தகரப் பீப்பாவின் சத்தம். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. முறிந்த விலா சுவாசப்பையைக் குத்தியிருக்கிறது, கசிந்த காற்று வெளியே நின்று அதை நெரித்துச் சுருக்குகிறது, இன்னும் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று விளங்கப்படுத்தினார். என்னைக் கட்டிலால் இறக்கிவிட்டு மச்சானை ஏற்றினார்கள். விலா இடுக்கில் குழாய் போட்டு, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டதும் குமிழி குமிழியாய்க் காற்று வந்தது. எனக்குத் தெரிந்த அம்மன்மார் எல்லோருக்கும் நேர்த்தி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் என்னைப் பார்த்தார்.

"பொய்க்காரா, உன்ர நெஞ்சைக் காட்டவெண்டு கூட்டிவந்து என்ர நெஞ்சில ஓட்டை போடுவிச்சுப்போட்டு நிக்கிறாய், வீட்ட வா உனக்கு இருக்கு."

நடுவில் எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு பயம். இன்னொருக்கா ஏசச் சொன்னேன்.