கிழக்கு நோக்கிய வரிசை

எங்கள் ஊர்ப் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார், எழுந்து உட்கார்ந்ததும் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நன்னிலம் பக்கத்தில் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம் கிடைப்பது கஷ்டம். அதனால் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு வரிசை என்று ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் வரிசையில் தாத்தாவும் பாட்டியும் ஒரே குழியில் இருந்தார்கள். அடுத்த இரண்டு இடம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்.

அப்பா புதிய சபைக்குப் போனது இதற்கெல்லாம் பிறகு. அதன் பாஸ்டர் எங்கள் ஊர்க்காரர்தான், பழைய சபைக் குடும்பத்துப் பிள்ளை. வாய்க்கால் ஓரம் தகரக் கூரை போட்டு, இரகசிய வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். கிறிஸ்துவின் மணவாட்டியான விசுவாசிகள் சாவைப் பார்க்காமலே மேகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிறு நானும் போய் உட்கார்ந்தேன். திருச்சியில் ஒரு நாளிதழில் வேலை பார்த்த பழக்கம், யார் என்ன சொன்னார் என்பது மனதில் தங்கிவிடும்.

அன்று ஆராதனை முடிவில் ஒருவர், நம் சபைக்கும் கல்லறைக்கு ஒரு துண்டு நிலம் பார்க்கலாமா என்று கேட்டார். பாஸ்டர் மைக்கை இறக்காமலே சிரித்தார்.

"மணவாட்டிக்குக் கல்யாணச் சேலை எடுக்கிற நேரத்துல கோடித்துணி எதுக்குங்க?"

கூட்டம் கைதட்டியது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பழைய தோட்டத்தில் இன்னும் இடம் வைத்திருப்பவர்கள் ஒரு காலை மண்ணிலேயே வைத்திருக்கிறார்கள் என்றார். வருகையை உண்மையாக நம்புகிறவர்கள் வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சாட்சி சொல்லட்டும் என்றார்.

அப்பா அந்த வாரமே பழைய சபையின் குருவானவரைப் பார்த்து, எங்களுக்கு அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு சாட்சியும் சொன்னார். வீட்டில் அம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே மேல போகப்போறோம். ஒனக்கு எதுக்கு மண்ணு?"

தான் முன்னால் போய்விட்டால் இவள் தனியாக இருப்பாளே என்று ஒரு கணவன் கவலைப்படுவது உண்டு. அப்பா அந்தக் கவலையே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்ததாக அம்மா எடுத்துக்கொண்டாள்.

சில வருடம் கழித்து, ஐப்பசியில், சம்பா நடவைப் பார்த்துவிட்டு வந்த அப்பா நெஞ்சு வலிக்கிறது என்றார். திருவாரூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். மழை விட்ட பாடில்லை. ஐஸ் பெட்டியில் கிடத்திய பிறகு அம்மா அழவில்லை, எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

பாஸ்டர் வந்து ஜெபித்தார். பிரதர் நித்திரையடைந்திருக்கிறார், அவ்வளவுதான் என்றார். இடத்தைப் பற்றிக் கேட்டபோது ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இடுகாட்டைச் சொன்னார். அங்கே போகும் பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்றார் சித்தப்பா. அப்படியானால் நன்னிலம் மயானத்தில் எரித்துவிடலாம், சாம்பலிலிருந்தும் ஆண்டவர் எழுப்புவார் என்றார் பாஸ்டர். வேதத்தின்படி அதில் தவறு இல்லை. அம்மா தலையை மட்டும் அசைத்தாள். நெருப்பு வேண்டாம்.

சித்தப்பா பழைய சபையை விட்டுப் போகாதவர், ஆனால் இடையில் இரண்டு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவரும் நானும் குருவானவரிடம் போனோம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் வரிசையில் தாத்தா பாட்டி குழிக்கு அடுத்து ஒரு புதுக் கல்லறை இருந்தது. அதையும் அதற்கடுத்த காலி இடத்தையும் சேர்த்து சிமெண்டில் ஒரே கரை கட்டியிருந்தார்கள். சிலுவையில் இருந்த பெயரை வாசித்தேன். பாஸ்டரின் அம்மா.

அந்தம்மா கடைசிவரை பழைய சபையில்தான் இருந்தார், போன வருடம் இறந்தார், காலி இடம் இருக்கிறதே என்று மகனே வந்து கேட்டார் என்றார் குருவானவர். பக்கத்து இடம், படுத்த படுக்கையாக இருக்கும் பாஸ்டரின் அப்பாவுக்கு.

இதற்காகத்தான் அவர் வரிசைகளை விடச் சொன்னார் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் இடத்தை அவர் கேட்டு வாங்கினார், அதை எங்களிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தன் அம்மாவை அடக்கம் செய்த அந்த வாரம் பாஸ்டர் காரைக்காலில் ஊழியம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் அப்பா அந்த ஊழியத்துக்காக உபவாசம் இருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பாஸ்டர் அங்கேதான் நாற்காலியில் இருந்தார். அம்மா எழுந்து போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பாஸ்டர், ஒங்க அம்மா எந்தப் பக்கம் கால் நீட்டிப் படுத்திருக்காங்க?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

"கெழக்கதாங்கம்மா."

"அப்ப அவங்க எந்திரிச்சா எங்க மாமியா பக்கத்துல எந்திரிப்பாங்க. எங்க வீட்டுக்காரரு எங்க எந்திரிக்கறது?"

எங்க அம்மா பழைய சபைக்காரங்க, அவங்க மனசு அந்த மண்ணுலயே இருந்துச்சு, புள்ளைக் கடமைக்குச் செஞ்சேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் சொன்னாள்: "அவரு மனசும் அங்கதான் இருந்துச்சு. நீங்கதான் எடுத்துடச் சொன்னீங்க."

பாஸ்டர் இன்னொரு முறை ஜெபிக்கலாமா என்றார். அம்மா ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். சபையிலிருந்து வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு போனார்கள்.

குருவானவர் ஒரு வழி சொல்லியிருந்தார். பாட்டி இறந்து நெடுநாள் ஆகிவிட்டதால் அந்தக் குழியைத் திறக்கலாம். சாயங்காலம் மழை சற்று ஓய்ந்தபோது அப்பாவை அவருடைய அப்பா அம்மாவின் குழியிலேயே கிழக்கே கால் வைத்து இறக்கினோம். குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை வைக்க முடிந்தது. சிமெண்டுக் கரையை மிதிக்காமல் நிற்க எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அம்மா மட்டும் அதன் மேலேயே நின்றாள்.

மண் மூடியதும் அவள் சித்தப்பாவிடம், இந்தக் குழியை மறுபடி எப்போது திறப்பார்கள் என்று கேட்டாள்.

"பதினாலு வருஷம் ஆவணும் அண்ணி. அதுக்கு முன்னாடி தொடக்கூடாது."

அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று. சர்க்கரை வேறு. சேலைத் தலைப்பால் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்ப ஆண்டவரு அதுக்குள்ள வந்தாத்தான் உண்டு. எனக்கு வேற எடம் இல்ல."