கறுப்புக் கரை போட்ட உறை

போன வாரம் ஒரு நாள் காலை, பல் துலக்கி வாய் கொப்பளிப்பதற்குள் கைப்பேசி பதினெட்டு முறை கத்திவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, இன்னும் உயிரோடு மிச்சமிருக்கும் கிழங்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. ‘டர்னர் ஏகாம்பரம் இன்று விடியற்காலை காலமானார்’ என்று ஒரு வரி. அதன்கீழ் வரிசையாகக் கூப்பிய கைகள். ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, உடனே அழித்திருந்தார். நானும் கூப்பிய கையைத் தேடி விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அந்த மனிதனுக்கு இன்னொரு முறை எழுத்தில் அனுதாபம் அனுப்ப எனக்கு யோக்கியதை கிடையாது.

ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து இரண்டிலும் ஹையர் பாஸ் செய்த சான்றிதழோடு வந்து இறங்கியவன் நான். எங்கள் தொழிற்சாலைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சரியாக உச்சரித்ததில்லை என்பதால் இங்கேயும் துரை என்றே இருக்கட்டும். நான் அவருடைய ஸ்டெனோ. நனைந்த வெட்டிவேர்த் தட்டியும் பைப் புகையிலையும் கலந்து அவர் அறையில் ஒரு வாசனை வரும். இப்போதும் எங்காவது வெட்டிவேர் மணம் வந்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

துரை எனக்கு வகுப்பு ஒன்றும் எடுக்கவில்லை. நானாகவே பார்த்துப் பார்த்துக் காப்பியடித்தேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சம்பளம் என்ன, குழந்தை ஏன் இல்லை என்றெல்லாம் கேட்கக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. எதற்கெடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும். ஆறே மாதத்தில் நான் முற்றிப்போனேன். நான் மட்டும் குடியிருந்த அறைக் கதவையே ஒருநாள் தட்டிவிட்டு நின்றிருக்கிறேன். பூந்தமல்லி பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் ‘தேங்க்யூ’ என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்றார்.

ஏகாம்பரம் இதற்கெல்லாம் நேரெதிர். திருமுல்லைவாயில்காரன். அப்பா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம். இவன்தான் முதலில் லேத்தில் கை வைத்தவன். என் தோளில் கிரீஸ் கையைப் போட்டு, “இன்னா மச்சான், ஓட்டல் சோத்த துன்னு துன்னு எலும்பா கீறே. வா ஊட்டுக்கு” என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் இழுத்துப் போவான். அவன் மனைவி பச்சையம்மாள் மாங்காட்டுப் பெண். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. முதல் நாளே என்னை அண்ணாத்தே என்று கூப்பிட்டாள். அதனால்தான் ஏகாம்பரத்துக்கு நான் மச்சான். ஒரு பொங்கலுக்கு நான் ஒரு நூல் புடவை வாங்கிக் கொடுத்தேன். “எங்க அண்ணன் எடுத்துக் குட்த்தது” என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு எழுந்து ஒருநாள் அவளிடமும் ‘தேங்க்ஸ்’ என்று சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. “இன்னா அண்ணாத்தே, காப்பி கிளப்புல துன்ட்டு போறா மாதிரி சொல்லிகினு போறே? இது உன் தங்கச்சி ஊடு இல்லியா?” என்றாள். ஏகாம்பரம் சிரித்தான். நானும் சிரித்து மழுப்பினேன். சரி, இவர்களுக்கு இந்த நாசூக்கு இன்னும் பழகவில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். என் கர்வத்தை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருஷம் துரைக்கு ஒரு தந்தி வந்தது. படித்தார், மடித்தார், காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டின் கீழே செருகினார். எனக்கு மூன்று கடிதங்கள் சொல்லி, மாலைக்குள் வேண்டும் என்றார். மாலையில்தான் தெரிந்தது, ஊரில் அவர் தாயார் இறந்துபோன செய்தி அது. என்ன மனிதர் என்று நான் அசந்துபோனேன். ஏகாம்பரமோ ஷிப்ட் முடிந்த கையோடு முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு ஆவடிப் பக்கத்தில் இருந்த துரையின் பங்களாவுக்கே போய்விட்டான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பச்சையம்மாள் சோறு பொங்கி அடுக்குக் கேரியரில் கொடுத்தனுப்பியிருந்தாள். நானும் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். துரை கழுத்தில் டையோடு கேட் வரைக்கும் வந்தார். கேரியரை வாங்கிக்கொண்டார். ரொம்ப நன்றி என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். முப்பது பேரும் ரோட்டில் நின்றோம். எனக்கு அவமானமாக இருந்தது, எங்களை நினைத்து. ஏகாம்பரம் மட்டும், “பாவம் மச்சான், கூட ஒக்காந்து அழுவக்கூட தொரைக்கு ஆள் இல்ல” என்றான்.

மறுநாள் துரை என்னிடம் தன்மையாகவே சொன்னார். “எங்கள் பக்கத்தில் அழுகை குளிக்கிற மாதிரி. கதவைச் சாத்திக்கொண்டு செய்வது. வேண்டியவர்கள் நாலு வரி எழுதிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.” ஒரு மாதம் கழித்து, மேஜை இழுப்பறையைத் திறந்து ஊரிலிருந்து அப்படி வந்த கடிதங்களைக் காட்டினார். அவருடைய வயதான அத்தை எழுதியது கறுப்புக் கரை போட்ட உறையில் வந்திருந்தது. அதே மாதிரி காகிதமும் உறையும் ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள், பதில் எழுதுவதற்கு. சாவுச் சேதி வந்த கார்டைப் படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போடும் ஊர்க்காரன் நான். இவர் அதையெல்லாம் நாடா கட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார். எனக்கு அது பெரிய நாகரிகமாகப் பட்டது. பதில் எழுதியதுபோக மிஞ்சிய தாள்களும் உறைகளும் என் அலமாரியில் தங்கின.

எட்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், ஆபீஸ் அட்டெண்டர் முனுசாமி ஓடிவந்தான். பச்சையம்மாள் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. மூன்று வயதில் மூத்தவன் ஒருவன் இருந்தான். கம்பெனி லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து மேலே போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் நான் என்ன, கூடப் பிறந்தவனா? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதை வைத்து அந்த உரிமையை எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? இப்படியெல்லாம் புதிதாகப் படித்த என் மரியாதை கேட்டது. இன்னொன்றும் உண்டு, அதையும் மறைப்பானேன். எனக்குப் பயமாக இருந்தது. அவளை அப்படிப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தப் பயத்தைப் போர்த்தி மூடிக்கொள்ள எனக்கு ஒரு சீமைக் கம்பளி கிடைத்துவிட்டது.

அலமாரியைத் திறந்தேன். கறுப்புக் கரைக் காகிதத்தை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். ‘தங்கள் மனைவியின் மறைவு கேட்டு வருந்துகிறேன். இந்த நேரத்தில் தங்களைத் தனிமையில் விடுவதே மரியாதை என்று கருதி, நேரில் வரவில்லை.’ உறையில் போட்டு, சைக்கிளில் கிளம்பிய முனுசாமியிடம் கொடுத்தனுப்பினேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு, வெட்கமில்லாமல், ஒரு டீ வேறு குடித்தேன்.

அந்தி சாயும் நேரத்தில் முனுசாமி திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஏகாம்பரம் மதியத்துலேர்ந்து எட்க்காம வெச்சிகினு இருந்தான் சார். புள்ளத்தாச்சி பொணம், வெயில் தாங்காது, எடுப்பான்னு பெரியவங்கல்லாம் கத்துறாங்க. எங்க மச்சான் கோடி எட்த்துகினு வருவான், அவன் வராம எட்க்க மாட்டேன்னு குந்திகினு கீறான். என் சைக்கிள பாத்ததும் மோளத்த நிறுத்தினாங்க. நீங்கதான் வந்துட்டீங்கன்னு ஓடியாந்தான் சார்.”

அவன் கையில் முனுசாமி உறையைக் கொடுத்திருக்கிறான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான் ஏகாம்பரம். அதனால் யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள், அத்தனை பேர் நடுவில், அவள் தலைமாட்டில். அப்புறம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கடைக்கு ஓடிப்போய் ஒரு புடவை வாங்கிவந்து போர்த்தினாராம்.

“தொரை கூட வந்திருந்தாரு சார்” என்றான் முனுசாமி. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என்ன செய்வது வழக்கம் என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டு, மாலையோடு வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நின்றிருக்கிறார். ஏகாம்பரம் அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறான், அவரும் நகரவில்லை. கிளம்பும்போது, தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தில், “போயிட்டு வரேன்” என்றிருக்கிறார். சாவு வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை அது. ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மறுநாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் அவர்கள் வழக்கம்தான். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு ஏகாம்பரம் வேலைக்கு வந்தான். நேரே என் அறைக்கு வந்து, திறந்திருந்த கதவைத் தட்டினான். தட்டிவிட்டு வெளியிலேயே நின்றான்.

“உள்ள வரலாங்களா சார்?”

நான் எழுந்து நின்றதும் உள்ளே வந்தான். உறையை மேஜைமேல் வைத்தான்.

“சாவு லெட்டர ஊட்ல வெக்கக் கூடாதுங்க. ஒசந்த காகிதம், கீச்சிப்போடவும் மனசு வரல. நீங்களே வெச்சிக்குங்க சார். தேங்க்யூ.”

அவ்வளவுதான். சண்டை போடவில்லை, திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தோம். ஒருநாள்கூட அவன் வாயிலிருந்து மச்சான் வரவில்லை. ‘சொல்லுங்க சார்’, ‘சரிங்க சார்’. நாலைந்து முறை மன்னிப்புக் கேட்கப் போனேன். போன முறையெல்லாம் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மரியாதையால் ஒரு மனிதனை இப்படிக் கொல்ல முடியும் என்பதை எந்தத் துரையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாலையும் வாங்கி, முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துத் திருமுல்லைவாயில் போனேன். அவன் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி நின்றது. மோளச் சத்தம் இல்லை, ஒப்பாரி இல்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மின்மயானத்தில் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்களாம், ஒன்பதரைக்கே வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டதாம். நான் போனபோது பத்தரை. இப்போதெல்லாம் யாருக்காகவும் யாரும் எடுக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அப்படியே உட்கார்ந்தாலும் எனக்காக யார் உட்காரப் போகிறார்கள்?

பேத்தி போலிருக்கிறது, ஒரு பெண் வந்து யார் என்று விசாரித்தாள். கண்களில் அப்படியே பச்சையம்மாள். மச்சான் என்று சொல்ல வாயெடுத்தேன். “கூட வேலை செஞ்சவன்மா” என்றேன்.

“ஓ. வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்” என்றாள்.

மாலையைக் காலி நாற்காலி ஒன்றின்மேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.