ஆஃப் செய்த பின்னும் ஓடும் சக்கரம்

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் அறிவியல் ஆசிரியை, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி மூன்றே வரிதான். ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும் ஐந்து இடங்களை மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும். படம் எடுத்து, அம்புக்குறி போட்டு எழுதிவர வேண்டும். இணையத்தில் எடுத்த படம் செல்லாது.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற பெற்றோர்கள் ஃபேன், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, டார்ச், கேஸ் அடுப்பு என்று முடித்துவிட்டார்கள். ஒரு புண்ணியவான் தன் வீட்டு மிக்ஸியை நான்கு கோணத்தில் படம் எடுத்துக் குழுவிலேயே போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். நானும் எடுத்துக்கொண்டிருக்கலாம். இதை இதுவரை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று தெரியவில்லை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் ஒன்பது வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. தகடுகளிலிருந்து வாஷரும் கிளாம்பும் வெட்டித் தள்ளும் இடம் அது. அப்படிப்பட்டவளின் மகள் மிக்ஸி படத்தை ஒட்டிக்கொண்டு போவதா என்று எனக்கு ஒரு வீம்பு. வேறொன்றும் இல்லை, வெறும் வீம்பு.

முதலில் பாடம் தெரிய வேண்டுமே என்று சாப்பாட்டு மேசையில் அவளை உட்கார வைத்தேன். தோசை வார்த்துக்கொண்டே கேள்வி கேட்டேன்.

"ஃபேன்?"

"எலக்ட்ரிக்கல் டு மெக்கானிக்கல்."

"அயர்ன் பாக்ஸ்?"

"எலக்ட்ரிக்கல் டு ஹீட்."

"மாடியில இருக்கற தண்ணி டேங்க்?"

"அது சும்மாதானே இருக்கு?"

"சும்மா இல்லடி. உயரத்துல இருக்குல்ல. அந்தத் தண்ணிக்கு நிலை ஆற்றல் இருக்கு."

"நிலைன்னா? கதவு நிலையா?"

நான் தமிழ் வழியில் படித்தவள், அவள் ஆங்கில வழி. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று என் வாயில் வருவதெல்லாம் அவளுக்குப் பொட்டன்ஷியல், கைனடிக். மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் தோசை கருகியது. அவளுக்கோ எல்லாமே அம்புக்குறிதான். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு அம்பு. எந்தப் பொருளின் பெயரைச் சொன்னாலும் யோசிக்காமல் அம்பு விட்டாள். அந்த வேகமே எனக்கு எரிச்சலாக இருந்தது. "புரிஞ்சு சொல்லு, புரிஞ்சு சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

புரிந்துகொள்ள அவள் ஒரே ஒரு தடவை முயற்சி செய்தாள். எழுந்து போய் ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஆஃப் பண்ணிட்டேன். ஆனா இன்னும் சுத்துதே. இப்ப எந்த எனர்ஜி எதுவா மாறுது?"

இதைவிட நல்ல கேள்வி அந்தப் பாடத்தில் கிடையாது. டிப்ளமா முதல் வருடத்தில் எங்கள் ஆசிரியர் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டுவிட்டு, பதில் வராமல் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அப்போது என் கையில் தோசைத் திருப்பி இருந்தது, வியர்வை வழிந்துகொண்டிருந்தது, இவள் ஃபேனை வேறு நிறுத்திவிட்டாள்.

"ஆஃப் பண்ணா அவ்ளோதான், கட். அதுக்கு அம்பு கிடையாது. அதெல்லாம் பரிட்சைல கேக்க மாட்டாங்க. ஃபேனைப் போட்டுட்டு வந்து எழுது."

அவள் வந்து எழுதினாள்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வழியாகப் போய்ச் சேருவதற்குள் லாரிப் புகையில் இருவருக்கும் முகம் கறுத்துவிட்டது. முதலாளியிடம் முந்தின நாளே கேட்டிருந்தேன். ஒரு மணி நேரம், ஓரமாக நின்று பார்க்கட்டும் என்றார். நான் பயந்த சுபாவம். என்னுடைய பாதுகாப்புக் கண்ணாடியை அவளுக்கு மாட்டினேன், பின்னலைத் தூக்கிக் கொண்டையாகக் கட்டினேன், துப்பட்டாவைக் கழற்றி என் பையில் வைத்தேன். என் பாதுகாப்பு ஷூவையும் போட்டுவிட்டேன். அது அவளுக்கு இரண்டு அளவு பெரியது. டப் டப்பென்று நடந்தாள்.

உரசு சக்கரத்தில் பொறி பறப்பதை எடுத்தாள். கம்ப்ரசரை எடுத்தாள். வெல்டிங்கைக் கறுப்புக் கண்ணாடி வழியாக எடுத்தாள். ஃபோர்க்லிஃப்ட்டின் பேட்டரியை எடுத்தாள். ஐந்தாவதாக, நான் இதற்காகவே கூட்டிவந்த இயந்திரம், பவர் பிரஸ். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். பின்னால் மோட்டார், அது பெல்ட்டால் ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றும். ஆபரேட்டர் காலால் பெடலை மிதித்தால் சக்கரத்தின் வேகம் மேலேயிருக்கும் கனத்த கட்டைக்குப் போய், அது ஒரே அடியாகக் கீழே இறங்கித் தகட்டில் வாஷரை வெட்டும்.

அந்த பிரஸ்ஸின் ஆபரேட்டர் அம்பத்தூர் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் ஓயாது.

"இன்னா பாப்பா, பெரிய ஷூவு போட்டுகினு வந்துகீற? வேலைக்குச் சேந்துட்டியா?"

"ப்ராஜெக்ட் அங்கிள். கரண்ட் எப்படி வேற எனர்ஜியா மாறுதுன்னு."

"கரண்டு எங்க மாறுது? வந்தா வருது, பூட்டா பூடுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னிடம் அந்த வாரம் முழுக்க அப்படிச் சிரிக்கவில்லை.

டீ வந்தது. அவர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, தம்ளரை எடுக்க நாலடி தள்ளிப் போனார். மோட்டார் சத்தம் இறங்கியது. சத்தம் நின்றதும் கொட்டகையே அமைதியானது போல இருந்தது. நான் ஃபோனை வாங்கி, அவள் எடுத்த படங்களில் தெளிவாக வந்தவை எவை என்று பார்க்க ஆரம்பித்தேன். ஐந்தாவது படத்துக்காக ஃபோனைத் திரும்பக் கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ அதற்கு முன் வாஷரின் அளவு படத்தில் தெரிய வேண்டும் என்று, தன் பிளாஸ்டிக் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைக்கப் போயிருக்கிறாள். வாஷர் இருந்தது கட்டைக்கு நேர் கீழே. எட்டவில்லை. கால் வைக்க வாகாக ஏதோ இருந்தது. அது பெடல்.

"ஏய்! கைய எடு! எடு!"

நான் நிமிர்ந்தபோது அவர் கையில் தம்ளர் இல்லை. அவளுடைய முதுகுப் பக்கத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். டக்கென்று ஒரு சத்தம். ஒன்பது வருடமாக நாளெல்லாம் கேட்கிற சத்தம்தான். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு ஷூ கழன்று கிடந்தது. ஸ்கேல் இரண்டு துண்டாக இருந்தது.

அவர் இழுத்ததால் அவள் கால் பெடலை அழுத்தியதா, அவள் அழுத்தப்போவதைப் பார்த்து அவர் இழுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவள் கை அப்போது வெளியே வந்திருந்தது. இந்த வாக்கியத்தை எழுதுவதற்கே மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

அவர் அவளைத் திட்டவில்லை. என்னைத்தான்.

"இன்னா மேடம், கொயந்தைய இட்டுகினு வந்துட்டு ஃபோனப் பாத்துகினு கீறீங்க? படிச்சவங்கதானே நீங்க?"

நான் மகளின் விரல்களைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப எண்ணினேன். அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள். எதிரில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கோபம்.

"ஆஃப் பண்ணாங்கல்ல? பாத்துட்டுதான் கை வெச்சேன். நீதானே சொன்ன, ஆஃப் பண்ணா கட்டுன்னு."

பதில் சொன்னது அவர்தான்.

"பாப்பா, சுவிட்சு இன்னா, அது செவுத்துல கீது. வீலப் பாரு நீ. வீலு நின்னாதான் மிஷினு நின்னுச்சு."

மூவரும் பார்த்தோம். கம்பி வலைக்குப் பின்னால் அந்தச் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கீழே விழுந்த தம்ளரை எடுத்து, வேறு டீ வாங்கிக் குடித்து முடிக்கும்வரைக்கும் அது முழுதாக நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பாதிதான் சொன்னேன். ஸ்கேல் உடைந்தது, ஆபரேட்டர் சத்தம் போட்டார் என்பது வரைக்கும். மீதியை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது அடுத்த கூத்து. அவளை உட்காரவைத்து, அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினேன். மோட்டார் ஓடும்போது மின்னாற்றல் சக்கரத்தின் இயக்க ஆற்றலாகச் சேர்கிறது, சுவிட்சை அணைத்தால் புதிதாக வருவதுதான் நிற்கிறது, சேர்ந்தது அப்படியே இருக்கிறது, அது உராய்வில் வெப்பமாகவும் சத்தமாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தீரும், தீரும்வரை ஒரு அடி அடிக்க அதுவே தாராளம் என்று. படம் வரைந்தேன், சைக்கிளைச் சொன்னேன், கிரைண்டரைச் சொன்னேன், லாரி பிரேக்கைச் சொன்னேன். குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவள் பேனாவை மூடினாள்.

"அம்மா, புரிஞ்சுது. முதல் அஞ்சு நிமிஷத்துலயே புரிஞ்சுது. நீ ஏன் இன்னும் கத்தற?"

திங்கட்கிழமை, அவள் எடுக்காமல் விட்ட ஐந்தாவது படத்தை நானே எடுத்துவிட்டு, அந்த பிரஸ்ஸின் முன்னால் குனிந்து உட்கார்ந்து பெடலைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு இரும்பு மூடி இருந்திருக்க வேண்டும். போல்ட் போட்ட துளைகள் மட்டும் இருந்தன. மூடி எங்கே என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"அது காலுல இடிச்சிகினே இருந்துச்சு மேடம். கழட்டி அந்த ரேக்குக்குக் கீழ போட்டு வருசம் ஆவுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வாஷரத்தானே அளந்துகினு இருந்தீங்க? பெடலப் பத்தி எப்ப கேட்டீங்க?"

உண்மைதான். மயிரிழை வித்தியாசத்துக்கெல்லாம் நான் வாஷரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெடல் என் வேலை இல்லை என்று ஒன்பது வருடம் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். மூடியைத் தேடி எடுத்து, கால் இடிக்காதபடி கொஞ்சம் அகலப்படுத்தி வெல்டிங் வைத்துப் பொருத்தச் சொன்னேன். முதலாளி எட்டிப் பார்த்தார். இனி பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, கேட்டவள் நான்தானே.

புதன்கிழமை அவள் ப்ராஜெக்ட்டை வகுப்பில் காட்டும் நாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இனி எந்த இயந்திரத்தின் பக்கமும் போகமாட்டேன் என்று பயந்து ஒடுங்கிவிடுவாளோ, வகுப்பில் நின்று பேசும்போது அழுதுவிடுவாளோ என்றெல்லாம் கற்பனை. சாயங்காலம் பள்ளி வேன் வருவதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன்.

"என்னாச்சு? டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க. பிரஸ்ஸுக்கு மட்டும் ஏன் ரெண்டு அம்புன்னு கேட்டாங்க. ஒண்ணு மோட்டார் ஓடறப்போ, இன்னொண்ணு ஆஃப் பண்ணதுக்கு அப்புறம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அஞ்சு அம்புதான் கேட்டேன், ஆறு இருக்கேன்னாங்க. அப்புறம் பரவால்ல, இருக்கட்டும்னுட்டாங்க."

"நீ கை வெச்சதைச் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்டி? அதைச் சொன்னாத்தானே மத்த பிள்ளைங்களுக்கும் உறைக்கும்?"

"சொன்னா அடுத்த தடவை யாரையும் விட மாட்டாங்கம்மா."

"அடுத்த தடவையா?"

"வெல்டிங் போட்டோ சரியா வரல. வெள்ளையா வந்துடுச்சு. வேற எடுக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் கத்தவில்லை. அவளுடைய வலது கையைப் பிடித்து லிஃப்ட்டுக்கு இழுத்துப் போனேன்.

"அம்மா, மெதுவா. விரல் வலிக்குது."

வலிக்கட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.