நான் திருத்திய கொப்பிகள்

வெளிநாட்டில், பிரெஞ்சு பேசும் ஒரு நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பல்கலைக்கழகம் படித்த காலத்தில், கிழமையில் இரண்டு பின்னேரம் பக்கத்துச் சமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவி செய்தேன். சம்பளமில்லாத வேலை. சேர்ந்த அன்றே நிலையத்தை நடத்திய பெண் ஒரு விதியைச் சொன்னார். பிள்ளைக்கு விளங்கப்படுத்தலாம், ஆனால் கொப்பியில் இருக்கும் பிழையைத் திருத்தக் கூடாது. பிழை அப்படியே பள்ளிக்கூடம் போக வேண்டும். பிள்ளைக்கு எது தெரியாது என்று ஆசிரியர் அதைப் பார்த்துத்தான் அறிவார்.

தலையாட்டினேன். மனதுக்குள் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் விடியக்காலை ரியூஷனுக்கு ஓடி ஓடிப் படித்தவள் நான். அங்கே பிழையோடு கொப்பியை நீட்டினால் முட்டுக்காலில் நிற்க வேண்டும். பிழையைக் கண்டும் சும்மா இருப்பது எனக்கு வராத குணம்.

என் மேசைக்கு வந்தவள் எட்டு வயதுச் சிறுமி. திருகோணமலையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று பள்ளியில் இருந்த தனி வகுப்பில் படித்தாள். தாய்க்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. முதல் நாளே கொப்பியில் ஏழு பிழை. அழிறப்பரை எடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இப்படியே இரண்டு மாதம். கொப்பியில் ஒரு சிவப்புக் கீறல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

பள்ளியும் நம்பிவிட்டது. வகுப்பில் அவள் வாய் திறக்காததைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, சாதாரண வகுப்புக்கு மாற்றினார்கள். தாய் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்து தந்தார். வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

வகுப்பு மாறிய மூன்றாம் கிழமை சிறுமி கொப்பியைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கு, வகுப்பில் ஒன்றும் விளங்கவில்லை என்றாள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய் இருப்பாளாம். பிழைகளை அழித்தது நான்தான். வேறு யாரிலும் பழி போடவும் வழியில்லை.

நிலையத்துப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். பள்ளிக்குத் தான் சொல்வதாகவும், தாய்க்கு நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சொன்னேன். தாய் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன், தங்கச்சி. இப்ப என்னெண்டு நான் முகத்தைக் காட்டுறது?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி அவளைப் பழைய வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. ஆனால் இரண்டு கிழமை அவள் நிலையத்துக்கு வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் என் கண் வாசலிலேயே இருந்தது.

பிறகு ஒருநாள் வந்தாள். வேறு மேசைக்குப் போவாள் என்று நினைத்தேன். என் மேசையிலேயே வந்து இருந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் தானாக எழுதி முடித்தாள். என் பார்வை இரண்டாவது வரியில் போய் நின்றதைக் கண்டு, கொப்பியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“பிழை எண்டு தெரியும் அக்கா. தொடாதேங்கோ. டீச்சர் பாக்கட்டும்.”